கண்ணாடி வாங்கப் போகிறீர்களா? முதலில் சீட்டைக் கையில் வாங்குங்கள்!

"வைத்தியரே, கண்ணாடி மாத்தணும். எங்க அப்பா காலத்துல இருந்து போற கடை ஒண்ணு இருக்கு. இப்ப புதுசா ஏ.சி. போட்டுப் பெரிய கடை வந்திருக்குல்லா, அங்க ஒண்ணு வாங்கினா இன்னொண்ணு சும்மா தாராங்களாம். நான் எங்க போகட்டு?"

நாகர்கோவிலில் வைத்தியம் பார்க்கும் என்னிடம் இந்தக் கேள்வி வராத வாரமே இல்லை. தலைவலிக்குத் தைலம் கேட்டு வருகிறவர், கண் எரிச்சலுக்குக் கஷாயம் கேட்டு வருகிறவர், சர்க்கரைக்குச் சூரணம் வாங்க வருகிறவர் என்று எல்லோரும் போகிற போக்கில் இதையும் கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள்.

'சித்த வைத்தியருக்கும் மூக்குக் கண்ணாடிக்கும் என்ன சம்பந்தம்?' என்று நீங்கள் நினைக்கலாம். சம்பந்தம் உண்டு. கண் நோய்கள் 96 என்று எங்கள் நூல்கள் வகைப்படுத்துகின்றன. பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரியில் அதையெல்லாம் படித்துத்தான் வந்தேன். ஆனால் கண்விழி பிறவியிலேயே கொஞ்சம் நீளமாகவோ குட்டையாகவோ அமைந்துவிட்டால், எந்தக் கஷாயமும் அதை இழுத்துச் சரி செய்யாது. அதற்குக் கண்ணாடிதான் மருந்து. மருந்து என்று சொன்ன பிறகு, அதை யார் எழுதிக் கொடுக்கிறார், யார் செய்து கொடுக்கிறார் என்று பார்க்க வேண்டாமா?

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சின்னக் கடையா, பெரிய கடையா என்பது இரண்டாவது கேள்வி. உங்கள் கண்ணைப் பரிசோதித்தது யார், அந்த அளவுச் சீட்டு உங்கள் கையில் இருக்கிறதா என்பதுதான் முதல் கேள்வி. இதற்கு விடை கிடைத்துவிட்டால் கடையைத் தேர்ந்தெடுப்பது சுலபம்.

கண் பார்ப்பது வேறு, கண்ணாடி விற்பது வேறு!

கண்ணாடி விஷயத்தில் மூன்று பேர் சம்பந்தப்படுகிறார்கள். நம்மில் பலர் மூவரையும் 'கண் டாக்டர்' என்றே சொல்லிவிடுகிறோம்.

முதலாமவர் கண் மருத்துவர். எம்.பி.பி.எஸ். முடித்து, அதன் மேல் கண் மருத்துவம் படித்தவர். நோயைக் கண்டுபிடிப்பதும், மருந்து கொடுப்பதும், அறுவை சிகிச்சை செய்வதும் இவர் வேலை.

இரண்டாமவர் ஆப்டோமெட்ரிஸ்ட். பார்வையை அளந்து பவர் எழுதுவதற்கென்றே பட்டம் பெற்றவர். சென்னையில் 1985-லேயே இதற்கு நான்கு வருடப் பட்டப் படிப்பு தொடங்கிவிட்டது. 2021-ல் வந்த மத்திய அரசின் துணை மருத்துவத் தொழில்கள் சட்டம் இவர்களையும் அங்கீகரித்திருக்கிறது.

மூன்றாமவர் ஆப்டீஷியன், அதாவது கண்ணாடிக் கடைக்காரர். எழுதிய பவருக்கு லென்ஸ் வரவழைத்து, ஃபிரேமில் பொருத்தி, உங்கள் மூக்குக்கும் காதுக்கும் ஏற்றபடி வளைத்துக் கொடுப்பவர். இதுவும் லேசுப்பட்ட வேலை இல்லை.

சின்னக் கடையோ பெரிய கடையோ, 'இலவச கண் பரிசோதனை' என்று போர்டு தொங்கினால் உள்ளே பரிசோதிப்பவர் இந்த மூவரில் யார் என்று கேளுங்கள். "நீங்க ஆப்டோமெட்ரி படிச்சிருக்கீங்களா?" என்று கேட்பதில் தவறே இல்லை. படித்தவர் சந்தோஷமாகச் சொல்வார்.

'கம்ப்யூட்டர் டெஸ்ட்' போதுமா?

போதாது. தாடையை வைத்து உள்ளே படத்தைப் பார்க்கச் சொல்கிறார்களே, அந்த இயந்திரம் ஒரு தோராயக் கணக்கைத்தான் கொடுக்கும். அதன் பிறகு சோதனை ஃபிரேமை மாட்டி, "இது தெளிவா, அது தெளிவா?" என்று லென்ஸ்களை மாற்றி மாற்றிப் போட்டுக் கேட்பார்கள். அதுதான் நிஜமான பரிசோதனை. இயந்திரம் கக்கிய காகிதத்தை அப்படியே ஆர்டராக எழுதிக் கொடுக்கும் கடை எதுவானாலும், அங்கிருந்து எழுந்து வந்துவிடுங்கள்.

குழந்தைகள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். பிள்ளைகளின் கண் தசைக்குச் சக்தி அதிகம். பக்கத்தில் உள்ளதைப் பார்க்கும்போது அது இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். அதனால் பவர் தப்பாகக் காட்டலாம். சொட்டு மருந்து விட்டு, அந்தத் தசையைத் தளர்த்திவிட்டுப் பார்க்க வேண்டும். இதைக் கண் மருத்துவமனையில்தான் செய்வார்கள்.

நழுவிப்போகும் நோய்கள்

பூதப்பாண்டிப் பக்கத்திலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர் ஒருவர் மூட்டு வலிக்கு என்னிடம் வருவார். நாலு வருடத்தில் மூன்று தரம் கண்ணாடி மாற்றியிருந்தார். தெரிந்த கடை, தெரிந்த ஆள். ஒவ்வொரு தரமும் அங்கேயே டெஸ்ட், அங்கேயே கண்ணாடி. "எழுத்து நல்லாத்தான் தெரியுது வைத்தியரே. ஆனா ரோட்டுல பக்கத்துல வாற ஆளு மேல போய் முட்டிக்கிடுதேன்" என்றார்.

எழுத்து தெரிகிறது, பக்கவாட்டில் வருகிறவர் தெரியவில்லை என்றால் அது கண்ணாடிக் கோளாறு இல்லை. உடனே கண் மருத்துவமனைக்கு அனுப்பினேன். குளுக்கோமா என்கிற கண் நீர் அழுத்த நோய் என்று கண்டுபிடித்தார்கள். ஒரு கண்ணில் நரம்பு பெரும்பாலும் கெட்டுவிட்டது. போன பார்வை திரும்பாது. மிச்சமிருப்பதைக் காப்பாற்றத் தினமும் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருக்கிறார்.

இந்த நோய் பெரும்பாலும் வலிக்காது, கண் சிவக்காது. ஓரத்திலிருந்து பார்வையைத் திருடிக்கொண்டே வரும். நடுப்பார்வை கடைசி வரைக்கும் நன்றாக இருப்பதால், எழுத்துப் பலகையை மட்டும் வாசிக்கச் சொல்கிற சோதனையில் பிடிபடாது. கண்ணின் அழுத்தத்தை அளக்க வேண்டும்; உள்ளே வெளிச்சம் அடித்து நரம்பைப் பார்க்க வேண்டும்.

சர்க்கரை வியாதிக்காரர்களின் விழித்திரை பாதிப்பும் இப்படித்தான். ஆரம்பத்தில் எந்த அறிகுறியும் இருக்காது. ஆகவே:

* நாற்பது வயது தாண்டியவர்கள்
* சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்கள்
* பெற்றோருக்கோ உடன்பிறந்தவர்களுக்கோ குளுக்கோமா இருப்பவர்கள்
* ஸ்டீராய்டு மருந்தை நெடுநாள் எடுப்பவர்கள்
* அடிக்கடி பவர் மாறுகிறவர்கள்

இவர்கள் நேராகக் கடைக்குப் போகக் கூடாது. முதலில் கண் மருத்துவர், பிறகுதான் கடை. சர்க்கரை உள்ளவர்கள் வருடம் ஒரு முறை விழித்திரையைப் பரிசோதிப்பது கட்டாயம்.

இன்னொரு விஷயம். சர்க்கரை ஏறி இறங்கும்போது கண்ணின் பவரும் கூடவே ஏறி இறங்கும். சர்க்கரை 300-ல் நிற்கும்போது கண்ணாடி செய்தால், மருந்தில் அது இறங்கிய பிறகு அதே கண்ணாடி ஒத்துவராது. சில வாரம் சர்க்கரை சீராக இருந்த பிறகு அளவெடுங்கள். காசு மிச்சம்!

செலவுக்கு யோசிக்கிறவர்கள் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போகலாம். கண் பிரிவு அங்கே இருக்கிறது. நம் மாவட்டத்துக்காரர்கள் பஸ் ஏறிப் போகிற திருநெல்வேலி அரவிந்த் கண் மருத்துவமனை 1988-லிருந்து இயங்குகிறது. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசுத் திட்டத்தில் இலவசக் கண்ணாடியே கிடைக்கிறது. பள்ளிக்கூடத்தில் விசாரியுங்கள்.

சீட்டில் என்ன இருக்க வேண்டும்?

பரிசோதனை முடிந்ததும் அளவுச் சீட்டைக் கேட்டு வாங்குங்கள். "எங்க கம்ப்யூட்டர்ல இருக்கு சார்" என்று சொன்னால், "சரி, எனக்கும் ஒரு காகிதத்தில் கொடுங்க" என்று சொல்லுங்கள். அமெரிக்காவில் 1978-லேயே இதற்கு விதி போட்டுவிட்டார்கள். பரிசோதனை முடிந்ததும், நோயாளி கேட்காவிட்டாலும், கூடுதல் காசு வாங்காமல் சீட்டைக் கொடுத்தாக வேண்டும். காரணம் என்ன? சீட்டு கையில் இருந்தால்தான் நாலு கடையில் விலை கேட்க முடியும். சீட்டு கடையில் இருந்தால் நாமும் அந்தக் கடையிலேயே இருக்க வேண்டியதுதான்!

சீட்டைப் படிக்கத் தெரிந்துகொள்வதும் நல்லது.

ஸ்பியர்: உங்கள் அடிப்படை பவர். மைனஸ் என்றால் கிட்டப்பார்வை, தூரத்தில் உள்ளது மங்கும். பிளஸ் என்றால் தூரப்பார்வை.

சிலிண்டர், ஆக்சிஸ்: கருவிழியின் வளைவு ஒரு பக்கம் கூடுதலாக இருந்தால் இது வரும். ஆக்சிஸ் என்பது அந்த லென்ஸ் எந்தக் கோணத்தில் இருக்க வேண்டும் என்ற கணக்கு. 1 முதல் 180 வரை இருக்கும். சிலிண்டர் அதிகமுள்ளவர்களுக்கு இந்தக் கோணம் கொஞ்சம் பிசகினாலும் பார்வை கலங்கும்.

ஆட்: நாற்பதுக்கு மேல் வரும் வெள்ளெழுத்துக்காகக் கிட்டத்தில் படிக்கக் கூட்டிப் போடும் பவர்.

பார்வை அளவு: 6/6, 6/9 என்று எழுதியிருப்பார்கள். கண்ணாடி போட்டும் 6/6 வரவில்லை என்றால் ஏன் என்று கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் கண் மருத்துவர்தான் பதில் சொல்ல முடியும்.

பி.டி.: இரண்டு கண்மணிகளுக்கும் நடுவே உள்ள தூரம். மில்லிமீட்டரில் எழுதுவார்கள். சீட்டில் அடிக்கடி விடுபட்டுப் போவது இதுதான்.

ஒரு சின்னக் கணக்கு

பி.டி. தப்பினால் என்ன ஆகும்? லென்ஸின் மையம் கண்மணிக்கு நேராக நிற்காமல் விலகிவிடும். லென்ஸின் பவரை, மையம் விலகிய சென்டிமீட்டரால் பெருக்கினால் கண்ணுக்கு எவ்வளவு இழுப்பு விழுகிறது என்பது தெரியும். பவர் 1 உள்ளவருக்கு மையம் 4 மில்லிமீட்டர், அதாவது 0.4 சென்டிமீட்டர் விலகினால் இழுப்பு 0.4 தான். பெரும்பாலானவர்களுக்குத் தெரியக்கூட தெரியாது. அதே 4 மில்லிமீட்டர் பவர் 5 உள்ளவருக்கு விலகினால் இழுப்பு 2. நாள் முழுவதும் கண் தசை அதைச் சமாளித்துக்கொண்டே இருக்க வேண்டும். சாயங்காலம் ஆனால் தலைவலி, நெற்றிப் பாரம், எரிச்சல்!

தக்கலையிலிருந்து ஒரு பெண்மணி, வங்கியில் வேலை, ஆறு மாதமாகத் தலைவலி என்று வந்தார். ஒற்றைத் தலைவலியாக இருக்கும் என்று அவரே முடிவு செய்து சுக்குப் பற்றுப் போட்டுக்கொண்டிருந்தார். எப்போதிருந்து என்று விசாரித்தால், பெரிய கடை ஒன்றில் சலுகையில் புதுக் கண்ணாடி வாங்கிய வாரத்திலிருந்து! ஞாயிற்றுக்கிழமை பழைய கண்ணாடியோடு வீட்டில் இருந்தால் வலி இல்லை. இரண்டு கண்ணுக்கும் பவர் மைனஸ் 5-க்கு மேல். மருத்துவமனைச் சீட்டில் பி.டி. எழுதியிருந்தது. "சீட்டையும் கண்ணாடியையும் எடுத்துக்கொண்டு அதே கடைக்குப் போய் லென்ஸ் மையத்தை அளந்து பார்க்கச் சொல்லுங்கள்" என்றேன். அளந்தார்கள், விலகல் தெரிந்தது, மறுபேச்சில்லாமல் இலவசமாக மாற்றிக் கொடுத்தார்கள். தலைவலி போயிற்று. என் தைலம் விற்கவில்லை, அவ்வளவுதான்!

இதில் இரண்டு பாடம் இருக்கிறது. பெரிய கடையிலும் தப்பு நடக்கும். சீட்டு கையில் இருந்தால் தப்பைத் திருத்திக்கொள்ளவும் முடியும்.

சங்கிலிக் கடை நேற்று வந்ததா?

ஊர் ஊராகக் கிளை போடுகிற கண்ணாடிக் கடை புதுசு என்று நினைக்காதீர்கள். லாரன்ஸ் அண்ட் மேயோ 1877-ல் கல்கத்தாவில் தொடங்கியது. டைட்டன் நிறுவனம் 2007-ல் கண்ணாடிக் கடைகளை ஆரம்பித்தது. லென்ஸ்கார்ட் 2010-ல் இணையத்தில் விற்கத் தொடங்கி, பிறகு ஊர் ஊராகக் கடை திறந்தது. நம் அரவிந்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1976-ல் மதுரையில் டாக்டர் ஜி. வெங்கடசாமி 11 படுக்கையோடு ஆரம்பித்தது, இன்றைக்குப் பல ஊர்களில் மருத்துவமனைகளாகப் பெருகியிருக்கிறது. ஆகவே பெரிதாக வளர்ந்தது எல்லாம் கெட்டது என்ற எண்ணம் வேண்டாம்.

அதேபோல, பெரிய கடையில் கிடைக்கும் லென்ஸ் வேறு உலகத்துச் சரக்கு என்றும் நினைக்க வேண்டாம். எஸ்ஸிலோர், ஸைஸ், ஹோயா போன்ற லென்ஸ் கம்பெனிகள் உள்ளூர்க் கடைகளுக்கும் லென்ஸ் செய்து அனுப்புகின்றன. ஆர்டர் கொடுத்தால் உங்கள் தெருக்கடைக்காரரும் வரவழைத்துத் தருவார்.

ஊர்க் கடையின் பலம், பலவீனம்

பலம்: அதே ஆள் வருடக்கணக்காக அங்கே இருப்பார். உங்கள் மூக்கு எந்தப் பக்கம் சாய்வு, எந்தக் காது மேலே என்பது அவருக்குத் தெரியும். திருகு கழன்றால், மூக்குப் பட்டை தேய்ந்தால் அஞ்சு நிமிஷத்தில் சரி செய்துவிடுவார். குளச்சல், முட்டம் போன்ற கடற்கரை ஊர்களில் உப்புக் காற்றில் உலோக ஃபிரேம் பச்சை பிடிக்கும், திருகு துருப்பிடிக்கும். அடிக்கடி இந்தச் சில்லறை வேலை வேண்டியிருக்கும். பழைய ஃபிரேமிலேயே புது லென்ஸ் போட்டுத் தரவும் பெரும்பாலும் தயங்க மாட்டார்.

பலவீனம்: பரிசோதிப்பவர் படித்தவர்தானா என்பது கடைக்குக் கடை மாறும். சில இடத்தில் பில் கிடையாது, துண்டுச் சீட்டுதான். என்ன லென்ஸ் போட்டார்கள் என்பதற்குச் சாட்சியே இருக்காது. 'நல்ல லென்ஸ்' என்று வாயால் சொல்வது மட்டும்தான் உத்தரவாதம். உயர்ந்த பவருக்கும், புரோக்ரசிவ் லென்ஸுக்கும் துல்லியமாக அளக்கும் கருவி எல்லாக் கடையிலும் இருக்காது.

பெரிய கடையின் பலம், பலவீனம்

பலம்: விலை அட்டை ஒட்டியிருக்கும். ஃபிரேம் நிறைய இருக்கும். பில், வாரண்டி, மாற்றித் தரும் கெடு எல்லாம் எழுத்தில் இருக்கும். சென்னையில் படிக்கும் பிள்ளை அங்கே வாங்கிய கண்ணாடியை, கம்பெனி விதி அனுமதித்தால், இங்குள்ள கிளையில் சரி செய்துகொள்ளலாம். அளவெடுக்க டிஜிட்டல் கருவி இருக்கும்.

பலவீனம்: ஆள் மாறிக்கொண்டே இருப்பார்கள். போன வருடம் பார்த்தவர் இந்த வருடம் இருக்க மாட்டார். விற்பனை இலக்கு இருப்பதால், தேவையில்லாத பூச்சும் கூடுதல் ஜோடியும் உங்கள் தலையில் ஏறலாம். 'ஒன்று வாங்கினால் ஒன்று இலவசம்' என்பதில் ஃபிரேம் மட்டும் இலவசமா, லென்ஸும் சேர்ந்தா என்று கேளுங்கள். இரண்டு கண்ணாடிக்கும் சேர்த்து முழுத் தொகை எவ்வளவு என்று கேட்டு, இரண்டால் வகுத்துப் பாருங்கள். அப்புறம் ஊர்க் கடை விலையோடு ஒப்பிடுங்கள். இரண்டாவது ஜோடி உங்களுக்குத் தேவையே இல்லை என்றால் வகுக்கவும் வேண்டாம்!

2025 செப்டம்பர் 22 முதல் பார்வைக் கண்ணாடிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவிகிதமாகக் குறைந்திருக்கிறது. பில்லில் அதைச் சரிபாருங்கள்.

நீலப் பூச்சு வேண்டுமா?

"கம்ப்யூட்டர் பார்க்கிறீங்களா? அப்ப நீல ஒளியைத் தடுக்கிற லென்ஸ் போட்டே ஆகணும்" என்று சொல்லாத கடை குறைவு. 2023-ல் வெளியான காக்ரேன் ஆய்வுத் தொகுப்பு 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தது. கம்ப்யூட்டரால் வரும் கண் சோர்வைக் குறைப்பதில் சாதாரண லென்ஸைவிட இது மேலானது என்று அதில் தெரியவில்லை. திரையைப் பார்க்கும்போது நாம் கண் சிமிட்டுவது குறைந்துபோகிறது. எரிச்சலுக்கு அது முக்கியமான காரணம். இருபது நிமிஷத்துக்கு ஒரு தரம் தலையைத் தூக்கி, ஜன்னல் வழியாகத் தென்னை மரத்தைப் பாருங்கள். நன்றாகக் கண்ணைச் சிமிட்டுங்கள். இதற்குப் பில் கிடையாது. எதிரொளி தடுக்கும் பூச்சு வேறு விஷயம். இரவில் வண்டி ஓட்டுகிறவர்களுக்கு அது உபயோகமானது.

யார் எங்கே போகலாம்?

வெறும் வெள்ளெழுத்து மட்டும் உள்ளவர்: கண் மருத்துவரிடம் ஒரு முறை காட்டிவிட்டு எந்தக் கடையிலும் வாங்கலாம். பஸ் நிலையத்தில் விற்கும் ரெடிமேட் கண்ணாடியில் இரண்டு பக்கமும் ஒரே பவர்தான் இருக்கும், சிலிண்டர் இருக்காது. உங்கள் இரண்டு கண்ணும் ஒரே அளவு, சிலிண்டர் இல்லை என்றால் அவசரத்துக்குப் போதும். அதனால் கண் கெட்டுவிடாது. ஆனால் அதை வாங்கிவிட்டோம் என்று பரிசோதனையைத் தள்ளிப் போடுவதுதான் ஆபத்து.

பவர் 3-க்குள் உள்ள சாதாரணக் கண்ணாடி: பக்கத்துக் கடையே நல்லது. சில்லறை வேலைக்கு அலைய வேண்டாம்.

பவர் 5-க்கு மேல், அல்லது சிலிண்டர் அதிகம்: இரண்டு கண்ணுக்கும் பி.டி.யைத் தனித்தனியாக அளக்கும் கடைக்குப் போங்கள். அது சின்னக் கடையாகவும் இருக்கலாம். மைனஸ் பவர்காரர்கள் அகலமான ஃபிரேமுக்கு ஆசைப்பட வேண்டாம். ஃபிரேம் சின்னதாக இருந்தால் லென்ஸின் ஓரம் தடிமன் குறையும், கனமும் குறையும்.

புரோக்ரசிவ் லென்ஸ்: தூரம், நடு, கிட்டம் மூன்றும் ஒரே லென்ஸில், கோடு இல்லாமல் இருக்கும். விலை கூடுதல். ஃபிரேமை முகத்தில் மாட்டிவிட்டு, கண்மணி எந்த உயரத்தில் நிற்கிறது என்று லென்ஸில் புள்ளி வைத்து அளக்க வேண்டும். அந்தப் புள்ளி வைக்காமல் ஆர்டர் எடுக்கும் கடையில் புரோக்ரசிவ் வாங்காதீர்கள். பழக ஓரிரு வாரம் ஆகும். படி இறங்கும்போது தாடையைத் தாழ்த்தி, லென்ஸின் மேல் பாகம் வழியாகப் படியைப் பாருங்கள். வயதானவர்கள் தடுமாறி விழுவது படியில்தான். 'பழகாவிட்டால் மாற்றித் தருவீர்களா?' என்பதை எழுத்தில் வாங்குங்கள். பெரிய கம்பெனி லென்ஸ்களில் கண்ணுக்குத் தெரியாத சிறு அடையாளம் பொறித்திருக்கும். கடைக்காரரிடம் காட்டச் சொல்லலாம்.

குழந்தைகள்: முதலில் கண் மருத்துவமனை. ஒரு கண்ணில் மட்டும் பவர் அதிகமாக இருந்து கவனிக்காமல் விட்டால், மூளை அந்தக் கண்ணைப் பயன்படுத்துவதையே விட்டுவிடும். 'சோம்பேறிக் கண்' என்பார்கள். ஏழு, எட்டு வயதுக்குள் கவனித்தால் பலன் அதிகம். லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும்; விளையாட்டில் அடிபட்டாலும் எளிதில் உடையாது. கடை வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பிள்ளைகள் கண்ணாடியை வளைத்துக்கொண்டு வராத வாரம் உண்டா?

பட்டறை, ரப்பர்த் தோட்டம், படகு என்று வெளி வேலை செய்பவர்கள்: உறுதியான லென்ஸ், புற ஊதாக் கதிரைத் தடுக்கும் தன்மை, துருப்பிடிக்காத ஃபிரேம். இதைக் கடைக்காரரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள்.

கடையில் கேட்க வேண்டிய ஏழு கேள்விகள்

1. பரிசோதிப்பவர் என்ன படித்திருக்கிறார்?
2. பி.டி. அளந்து சீட்டில் எழுதித் தருவீர்களா?
3. லென்ஸின் கம்பெனி, வகை, பூச்சு எல்லாம் பில்லில் வருமா?
4. ஃபிரேம், லென்ஸ், வரி சேர்த்து மொத்தம் எவ்வளவு?
5. ஒத்துவராவிட்டால் எத்தனை நாளுக்குள் மாற்றித் தருவீர்கள்?
6. என் பழைய ஃபிரேமில் லென்ஸ் மட்டும் போட்டுத் தருவீர்களா?
7. தயாரான கண்ணாடியின் பவரை இயந்திரத்தில் வைத்து என் கண் முன்னால் காட்டுவீர்களா?

ஏழாவது கேள்வி முக்கியம். லென்ஸின் பவரை அளக்கும் கருவி ஒழுங்கான கடை எதிலும் இருக்கும். சீட்டில் உள்ளதும் கருவியில் வருவதும் ஒத்துப்போகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

இத்தனையும் செய்தும் கடைக்காரர் தப்பைத் திருத்த மறுத்தால், பில்லோடு 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணைக் கூப்பிடுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடலாம். பில் இல்லாமல் போனால் வழக்குக்குக் கால் இல்லை.

என் பங்குக்கு நாலு வார்த்தை

'கண்ணாடியே வேண்டாம், மூலிகையால் பவரை இறக்குகிறேன்' என்று விளம்பரம் செய்பவர்களை நம்பிக் கண்ணாடியைக் கழற்றாதீர்கள். என் துறைக்காரர் சொன்னாலும் சரி! பொன்னாங்கண்ணி, முருங்கைக்கீரை, பப்பாளி, காரட், மீன் எல்லாம் கண்ணின் நலத்துக்கு நல்லவை. வாரம் இரண்டு நாளாவது சாப்பாட்டில் சேருங்கள். உடம்புக்கு ஒத்துக்கொண்டால் எண்ணெய் தேய்த்துக் குளியுங்கள். சூடு தணியும், நல்ல தூக்கம் வரும். இவை மைனஸ் 3-ஐ மைனஸ் 1 ஆக்காது.

நந்தியாவட்டைப் பூவைப் பிழிந்து விடுவது, தாய்ப்பால் விடுவது, தேன் விடுவது போன்ற வீட்டு வைத்தியத்தைக் கண்ணில் செய்யவே செய்யாதீர்கள். சுத்தமில்லாத எதையும் கண் தாங்காது. கருவிழியில் புண்ணாகிப் பூ விழுந்துவிட்டால், எந்தக் கடைக் கண்ணாடியாலும் அதைச் சரி செய்ய முடியாது.

கண்ணாடியை வேட்டி நுனியிலும் சேலைத் தலைப்பிலும் துடைக்காதீர்கள். மணல் தூசி லென்ஸைக் கீறிவிடும். தண்ணீரில் கழுவி, ஒரு துளி சோப்புத் திரவம் தடவி அலசி, மென்மையான துணியால் ஒற்றி எடுங்கள். வெயிலில் நிற்கும் காருக்குள் போட்டுவிட்டுப் போகாதீர்கள்; பூச்சு வெடித்துவிடும்.

இன்றைக்கு ஒரு வேலை செய்யுங்கள். வீட்டில் கண்ணாடி போடுகிற ஒவ்வொருவருடைய சீட்டையும் தேடி எடுங்கள். தேதியைப் பாருங்கள். நாற்பது தாண்டியவருக்கு இரண்டு வருடம் கடந்திருந்தாலோ, சர்க்கரைக்காரருக்கும் படிக்கிற பிள்ளைக்கும் ஒரு வருடம் கடந்திருந்தாலோ, இந்த வாரமே கண் மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். புதுச் சீட்டை வாங்கி ரேஷன் கார்டு, ஆதார் அட்டை வைத்திருக்கும் அதே பையில் பத்திரப்படுத்துங்கள். அந்தச் சீட்டோடு போனால் பழைய கடையும் உங்களுக்கு நல்ல கடைதான், புதுக் கடையும் நல்ல கடைதான்.